மூடிய பானைக்குள் ஒரு முட்டை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அரிசி வெந்துவிட்டதா என்று அறிய அகப்பையால் ஒரு பருக்கையை எடுத்து, இரு விரல்களுக்கிடையே வைத்து நசுக்கிப் பார்த்தால் போதும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் இப்படித்தான் சமைத்து வந்திருக்கிறான். பானை திறந்திருக்கிறது. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது; மூக்குக்குத் தெரிகிறது; வேண்டுமானால் விரலுக்கும் தெரிகிறது.

முட்டை இந்த வழிக்கு வராது. ஓட்டை உடைக்காமல் உள்ளே என்ன நிலை என்று அறிய முடியாது. உடைத்துப் பார்த்து, வேகவில்லை என்று தெரிந்தால், அந்த முட்டையை மறுபடி ஓட்டுக்குள் வைத்து வேகவைக்கவும் முடியாது. முட்டை என்பது இயற்கை செய்து தந்திருக்கும் ஒரு மூடிய கலம். இப்போது அதை எடுத்து இன்னொரு மூடிய கலத்துக்குள் வைக்கிறோம். மின்சாரப் பிரஷர் குக்கரில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, தட்டின் மேல் ஆறு முட்டைகளை அடுக்கி, மூடியைத் திருப்பிப் பூட்டி, பொத்தானை அழுத்துகிறோம். கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். முட்டைகள் வெந்து, ஓடு எளிதில் கழன்று வரும் நிலையில் கிடைக்கின்றன.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. முட்டை வேக அதிகச் சூடு தேவையே இல்லை. வெண்கரு சுமார் 62 டிகிரி சென்டிகிரேடில் இறுகத் தொடங்கிவிடுகிறது. மஞ்சள் கரு 65 டிகிரியில் குழம்பாகி 70 டிகிரியில் கெட்டியாகிறது. வெண்கருவில் பாதிக்கு மேல் உள்ள ஓவால்புமின் என்ற புரதம் மட்டும் 80 டிகிரியைத் தாண்டும் வரை பொறுத்திருக்கும். ஆக, சாதாரணக் கொதிநீரே முட்டைக்குத் தேவைக்கு மேற்பட்ட சூடுதான். அப்படியிருக்க, 115 டிகிரிக்கு மேல் சூடேறும் ஒரு கருவிக்குள் அதை ஏன் வைக்க வேண்டும்? அதுவும், மாட்டு எலும்பைக் கரைப்பதற்காகக் கண்டுபிடித்த கருவிக்குள்!

விடை தேட நாம் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

எலும்பை மென்மையாக்கும் இயந்திரம்

டெனிஸ் பாப்பின் பிரான்ஸ் நாட்டில் புளுவா நகருக்கு அருகே 1647-ம் ஆண்டு பிறந்தவர். படித்தது மருத்துவம், மனம் சென்றது இயந்திரங்களின் பக்கம். பாரிஸில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்ற பெரும் விஞ்ஞானிக்கு உதவியாளராக இருந்து காற்று வெளியேற்றும் பம்புகளில் பழகினார். 1675-ல் லண்டனுக்கு வந்து ராபர்ட் பாயிலுடன் பணியாற்றினார். வாயுவின் அழுத்தத்துக்கும் கன அளவுக்கும் உள்ள உறவைப் பள்ளியில் பாயில் விதி என்று படிக்கிறீர்களே, அந்தப் பாயில்தான்.

பாயிலும் ஹைகன்ஸும் கலத்திலிருந்து காற்றை வெளியேற்றினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தவர்கள். பாப்பின் அதைத் திருப்பிப் போட்டார். ஆவியை வெளியே விடாமல் அடைத்து வைத்தால் என்ன ஆகும்? தடித்த உலோகக் கலம் ஒன்றைச் செய்து, மூடியைத் திருகாணியால் இறுக்கி, உள்ளே நீரும் எலும்பும் வைத்துச் சூடேற்றினார். நீர் 100 டிகிரியோடு நிற்கவில்லை. அடைபட்ட ஆவி நீரின் மேற்பரப்பை அழுத்த, கொதிநிலை உயர்ந்துகொண்டே போனது. வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்கு அழுத்தத்தில் நீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். அந்தச் சூட்டில் எலும்பையும் தசைநாரையும் பிணைத்து வைத்திருக்கும் கொலாஜன் என்ற பொருள் விரைவில் கரைந்து ஜெலட்டினாக மாறிவிடும்.

1679-ல் ராயல் சொசைட்டியின் முன் பாப்பின் இக்கலத்தைக் காட்டினார். 'டைஜஸ்டர்' என்று பெயரிட்டார். செரிக்கச் செய்வது என்று பொருள். 1681-ல் இதைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். கழித்துப் போடும் எலும்பிலிருந்து சத்துள்ள உணவு கிடைக்கும், முற்றிய மாமிசமும் மலிவாக வேகும், விறகும் கரியும் மிச்சமாகும் என்பவை அவருடைய வாதங்கள். இது வேடிக்கைக்காகச் செய்த கருவி அன்று என்பதைக் கவனியுங்கள்.

1682 ஏப்ரல் 12-ம் நாள் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் சிலர் ஒரு விருந்துக்குச் சென்றனர். மீன், இறைச்சி எல்லாம் பாப்பினுடைய கலங்களில் சமைத்தவை. அவர்களில் ஒருவரான ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் இதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். மாட்டு எலும்பும் ஆட்டு எலும்பும் பாலாடைக் கட்டி போல மென்மையாகிவிட்டனவாம். மீனை முள்ளோடு தின்ன முடிந்ததாம். இவ்வளவுக்கும் செலவான நிலக்கரி எட்டு அவுன்ஸுக்கும், அதாவது கால் கிலோவுக்கும், குறைவு! எலும்பிலிருந்து கிடைத்த கூழை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து மனைவிக்கும் அனுப்பியிருக்கிறார். வீட்டுப் பெண்கள் பாடுபட்டுச் செய்யும் கூழ் இதன் அருகில் நிற்க முடியாது என்று ஒரு குத்தலும் சேர்த்திருக்கிறார். அந்த அம்மையார் என்ன பதில் சொன்னார் என்பதை ஈவ்லின் எழுதவில்லை.

எலும்பு வெந்தது ஒரு புறம் இருக்கட்டும். பாப்பின் தீர்க்க வேண்டியிருந்த கடினமான கேள்வி வேறு. இறுக மூடிய இரும்புக் கலத்துக்குள் என்ன நடக்கிறது என்று அவர் எப்படி அறிவார்? திறந்து பார்க்க முடியாது. அழுத்தம் மிகுந்தால் கலம் வெடிக்கும். சூட்டை அளக்கலாமென்றால், நம்பத்தக்க வெப்பமானி அன்று இல்லை. பாரன்ஹீட்டின் பாதரச வெப்பமானி 1714-ல்தான் வந்தது.

இதற்கு அவர் இரண்டு வழிகள் கண்டார். முதல் வழி மிக எளிது. கலத்தின் மூடியில் ஒரு சிறு குழி. அதில் ஒரு துளி நீரை விடுவார். ஓர் ஊசலை ஆடவிட்டு, அந்தத் துளி ஆவியாகி மறைவதற்குள் ஊசல் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுவார். விரைவில் மறைந்தால் சூடு அதிகம். மெல்ல மறைந்தால் குறைவு. வெப்பமானி இல்லாமல் வெப்பத்தை அளந்த இந்த முறையை எத்தனை பாராட்டினாலும் தகும். நம் வீடுகளில் தோசைக்கல்லில் நீர் தெளித்துப் பார்ப்பதும் இதே உத்திதான். பாப்பின் அதை எண்ணிக்கையாக்கினார்.

இரண்டாவது வழி உலகையே மாற்றியது. மூடியில் ஒரு சிறு துளையிட்டு, அதன் மேல் அடைப்பு ஒன்றை வைத்து, அதை ஒரு நெம்புகோலால் அழுத்தி, நெம்புகோலின் முனையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டார். உள்ளே அழுத்தம் அளவுக்கு மீறினால் ஆவி அந்த எடையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடும். எடை நகர்த்தப்படும் தூரத்தைக் கொண்டு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று தீர்மானிக்கலாம். இதுதான் காப்பு வால்வு. பின்னாளில் வந்த நீராவிக் கொதிகலன்கள் எல்லாம் இதை அடிப்படையாகக் கொண்டவை.

இது எவ்வளவு நுட்பமான ஏற்பாடு என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைய குக்கர் ஒன்றின் மூடி 20 சென்டிமீட்டர் விட்டம் உள்ளது என்று கொள்வோம். பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். உள்ளே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 1 கிலோகிராம் கூடுதல் அழுத்தம் இருந்தால், மூடியை மேலே தள்ளும் விசை 314 கிலோகிராம். நான்கைந்து பெரியவர்கள் சேர்ந்து உள்ளிருந்து முட்டுவது போல! ஆனால் மூடியிலுள்ள 3 மில்லிமீட்டர் துளையின் பரப்பு 0.07 சதுர சென்டிமீட்டர்தான். அதை மூடி வைக்க சுமார் 70 கிராம் எடை போதும். முந்நூறு கிலோ விசையை எழுபது கிராம் எடை கண்காணிக்கிறது. அந்தத் துளையில் ஒரு பருப்புத் தோல் அடைத்துக்கொண்டால் கண்காணிப்பு போயிற்று. குக்கர் விபத்துகள் பலவற்றில் வெடிப்புக்குக் காரணம் இவ்வளவு சிறிய பொருள்தான்.

பாப்பினின் பிற்கால வாழ்வு துயரமானது. அவர் புராட்டஸ்டன்ட் மதத்தவர். 1685-ல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அம்மதத்தினருக்கு இருந்த உரிமைகளை ரத்து செய்துவிட்டதால், அவரால் தாய்நாட்டுக்குத் திரும்ப முடியவில்லை. ஜெர்மனியில் மார்பர்க் நகரில் கணிதப் பேராசிரியரானார். 1690-ல், உருளைக்குள் ஆவியைக் குளிரவைத்துப் பிஸ்டனை இயக்கும் கருத்தை வெளியிட்டார். 1707-ல் துடுப்புச் சக்கரங்கள் பொருத்திய படகு ஒன்றில் ஃபுல்டா ஆற்றில் கிளம்பினார். தங்கள் தொழிலுரிமையில் தலையிடுவதாகக் கூறிப் படகோட்டிகள் அதை உடைத்துவிட்டனர். மீண்டும் லண்டன் வந்தார். பழைய நண்பர்கள் பலர் இல்லை; ராயல் சொசைட்டியிடம் கேட்ட பண உதவியும் கிடைக்கவில்லை. 1713-ல் அவருடைய உடல் லண்டனில் அடக்கம் செய்யப்பட்டது.

மலைமேல் வேகாத கிழங்கு

பாப்பினுடைய கலத்தின் தத்துவத்தை நேர் எதிராக அனுபவித்தவர் ஒருவரை இங்கே சந்திப்போம். 1835 மார்ச் மாதத்தில் இளைஞர் சார்லஸ் டார்வின் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடந்துகொண்டிருந்தார். உயரமான ஓரிடத்தில் இரவு தங்கினர். உருளைக்கிழங்கைப் பானையில் போட்டு அடுப்பில் வைத்தார்கள். நீர் தளதளவென்று கொதிக்கிறது, கிழங்கு வேகவில்லை. இரவு முழுவதும் அடுப்பிலேயே இருந்தது. காலையில் மறுபடி கொதிக்கவைத்தும் கல் போலவே இருந்தது. உடன் வந்த இருவர் கூடிப் பேசி, குற்றம் அந்தப் புதுப் பானையின் மேல்தான் என்று முடிவு செய்தார்களாம்! இது பாப்பின் கலத்துக்கு நேர் மாறான நிலை என்று டார்வின் தம் பயண நூலில் சரியாக விளக்கியிருக்கிறார். உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும்.

உதகமண்டலத்தில் நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலும், லே நகரில் 88 டிகிரியிலும், எவரெஸ்ட் உச்சியில் சுமார் 70 டிகிரியிலும் கொதித்துவிடும். எவரெஸ்டில் முட்டையைத் திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் வெண்கரு முழுமையாக இறுகாது. ஓவால்புமினுக்குத் தேவையான 80 டிகிரி அங்கே கொதிநீரிலேயே கிடையாது. அடுப்பில் தீயைக் கூட்டுவதும் பயன் தராது. நீர் விரைவாக வற்றுமே தவிர, அதன் சூடு ஏறாது. மலைவாசிகளுக்கும் படைவீரர்களுக்கும் பிரஷர் குக்கர் ஏன் இன்றியமையாதது என்பது இப்போது புரிகிறதல்லவா?

வேகவைப்பது அழுத்தமா, வெப்பமா?

'பிரஷர் குக்கர்' என்ற பெயரே ஒரு தவறான எண்ணத்துக்கு இடம் தருகிறது. அழுத்தம்தான் உணவை வேகவைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. அழுத்தம் கொதிநிலையை உயர்த்துகிறது. வேகவைப்பது உயர்ந்த வெப்பம். குக்கருக்குள் இருக்கும் கூடுதல் ஒரு வளிமண்டல அழுத்தம் முட்டைப் புரதத்தை ஒன்றும் செய்யாது. கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் மீன் அதே அழுத்தத்தில்தான் நீந்துகிறது, வெந்துவிடுகிறதா என்ன?

அப்படியானால் அழுத்தத்தால் மட்டும் முட்டையை வேகவைக்கவே முடியாதா? முடியும் என்று காட்டியவர் பெர்சி பிரிட்ஜ்மன் என்ற அமெரிக்க இயற்பியலறிஞர். பொருள்களை மாபெரும் அழுத்தத்துக்கு உட்படுத்தும் கருவிகளை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, அதற்காக 1946-ல் நோபல் பரிசு பெற்றவர். 1914-ல் அவர் முட்டையின் வெண்கருவைச் சூடுபடுத்தாமலே அழுத்திப் பார்த்தார். 5,000 வளிமண்டல அழுத்தத்தில் அரை மணி நேரம் வைத்தபோது சற்று விறைத்தது. 7,000 வளிமண்டல அழுத்தத்தில் அவித்த முட்டையின் வெண்கருவைப் போலவே இறுகிவிட்டது. புரதம் என்பது ஒரு நூற்கண்டு போலச் சுருண்டு மடிந்திருக்கும் நீண்ட மூலக்கூறு. சூடு அந்த மடிப்புகளைப் பிரித்துவிடும். பிரிந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகி, நீரைத் தமக்குள் பிடித்துக்கொள்ளும். பேரழுத்தமும் அந்த மடிப்புகளைக் குலைக்க வல்லது என்பதே பிரிட்ஜ்மன் கண்டது. நம் அடுப்படிக் குக்கரில் கூடுவது ஒன்று. அவர் கொடுத்தது ஏழாயிரம். எனவே முட்டையைப் பொறுத்தவரை குக்கரின் அழுத்தத்துக்குப் பெருமை சேர்க்க வேண்டாம்.

ஆவி சுமந்து வரும் சூடு

பெருமை சேர வேண்டியது ஆவிக்கு. இதற்கு நாம் 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் ஓர் எளிய கேள்வி கேட்டார். நீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு அடுப்பு தொடர்ந்து சூடு கொடுக்கிறது. நீரின் வெப்பநிலை மட்டும் ஏறுவதில்லை. அந்தச் சூடு எங்கே போகிறது? நீரை ஆவியாக்குவதில் அது ஆவிக்குள் ஒளிந்துகொள்கிறது என்று பிளாக் கண்டார். இதையே உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டு செல்ல 100 கலோரி போதும். அதே ஒரு கிராம் கொதிநீரை ஆவியாக்க 540 கலோரி வேண்டும்! ஆவி மறுபடி நீராகக் குளிரும்போது அந்த 540 கலோரியையும் தொட்ட பொருளிடம் கொடுத்துவிடும். ஆவி பட்டால் கொதிநீரைவிடக் கடுமையாகப் புண்ணாவது இதனால்தான்.

அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட், அந்த ஆண்டுகளிலேயே பாப்பினுடைய கலம் ஒன்றில் சிறு பீச்சாங்குழலைப் பொருத்தி, ஆவியின் வலிமையைச் சோதித்துக்கொண்டிருந்தார். எலும்பு வேகவைத்த பாத்திரம் நீராவி எந்திரத்தின் வரலாற்றிலும் இப்படி இடம் பெற்றுவிட்டது.

முட்டைக்கு வருவோம். சுமார் 55 கிராம் எடையுள்ள ஒரு முட்டையை 30 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குக் கொண்டு செல்ல ஏறத்தாழ 1,850 கலோரி வேண்டும். ஆவியாகக் கணக்கிட்டால் மூன்றரை கிராம்தான். ஆறு முட்டைகளுக்கு இருபத்தொரு கிராம். இரண்டு மேசைக்கரண்டி நீர்கூட அன்று. முட்டைகள் மூழ்கும் அளவு நீரை ஊற்றிக் கொதிக்கவைக்கும்போது, நாம் செலவிடும் எரிபொருளில் பெரும்பகுதி நீரைச் சூடாக்கத்தான் போகிறது. குக்கரில் ஒரு தம்ளர் நீர் போதுமாக இருப்பதன் காரணம் இதுதான். பாப்பினுடைய நிலக்கரிக் கணக்கும் இதை ஒட்டியதே.

விசில் எண்ணும் அடுப்படி

பாப்பினுக்குப் பின் இருநூறு ஆண்டுகள் அவருடைய கலம் ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலுமே பெரும்பாலும் வாழ்ந்தது. 1879-ல் பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் சாம்பர்லாண்ட் இதே தத்துவத்தில் ஆட்டோகிளேவ் என்ற கிருமிநீக்கிக் கலத்தைச் செய்தார். மருத்துவமனைகளில் அறுவைக் கருவிகளை 121 டிகிரி ஆவியில் தூய்மை செய்யும் அதே சாதனம்.

வீட்டு அடுப்பில் ஏறும் அளவுக்குக் கலம் சிறிதாகவும் எளிதாகவும் ஆனது 1930-களின் இறுதியில். 1938-ல் நியூயார்க்கில் ஆல்பிரட் விஷர் ஒரு வீட்டுக் குக்கரை அறிமுகம் செய்தார். 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'பிரெஸ்டோ' குக்கர் வந்தது. உடனே உலகப் போர் மூண்டு அலுமினியம் எல்லாம் விமானங்களுக்குப் போய்விட்டது. இந்தியாவில் 1959 முக்கியமான ஆண்டு. பம்பாயில் ஹாக்கின்ஸ் நிறுவனம் தோன்றியதும், டி.டி.கே. குழுமம் பிரெஸ்டீஜ் குக்கர்களைத் தயாரிக்கத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். ரப்பர் வளையம், துளையின் மேல் அமரும் வெயிட், சூடு மிகுந்தால் உருகிவிடும் உலோக அடைப்புள்ள சேஃப்டி வால்வு ஆகியவை நம் இல்லங்களில் எல்லோருக்கும் தெரிந்த பொருள்களாயின.

அவற்றோடு ஓர் அளவும் வந்தது. அதுதான் விசில். பருப்புக்கு நான்கு விசில், சோற்றுக்கு மூன்று விசில் என்று நம் தாய்மார்கள் அடுத்த அறையிலிருந்தபடியே எண்ணுகிறார்கள். பாப்பின் ஊசலின் ஆட்டங்களை எண்ணியதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. ஆனால் துல்லியத்தில் பாப்பினே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது! தீ பெரிதாக இருந்தால் விசில் அடுத்தடுத்து வரும். சிறிதாக இருந்தால் வராமலே போகலாம். உள்ளிருக்கும் வெப்பநிலை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே மூன்று விசில் என்பது ஒரு வீட்டில் ஆறு நிமிடமாகவும், மற்றொரு வீட்டில் பன்னிரண்டு நிமிடமாகவும் இருக்கலாம். பருப்புக்கு இது பெரிய இழப்பன்று. கூடுதலாகக் குழைந்தால் மத்து வேலை மிச்சம். முட்டை அப்படிப் பொறுத்துக்கொள்ளாது. அதற்கு நிமிடங்கள் சரியாக இருக்க வேண்டும்.

மின்சாரம் எண்ணத் தொடங்கியது

மூடிய பாத்திரத்துக்குள் நடப்பதை மின்சாரமே அறிந்து தன்னை நிறுத்திக்கொள்ளும் வித்தை முதலில் சோற்றுப் பானையில் வெற்றி கண்டது. ஜப்பானில் தோஷிபா நிறுவனம் 1955-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சார ரைஸ் குக்கரை வடிவமைத்தவர் யோஷிதாதா மினாமி. வீட்டிலே சோறு வடித்துச் சோதித்துச் சோதித்துக் குறிப்பெடுத்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. இரட்டைப் பானை அமைப்பு அது. வெளிப்பானையில் ஊற்றிய அளவான நீர் சுமார் இருபது நிமிடத்தில் ஆவியாகித் தீரும். நீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தீர்ந்ததும் சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தில் ஈருலோகத் தகடு வளைந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும். நீர் என்ற பொருளின் இயல்பையே கடிகாரமாக்கிய இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

பாப்பினுடைய கலமும் மினாமியின் பானையும் சீனாவில் ஒன்றுசேர்ந்தன. 1991 ஜனவரியில் யோங்குவாங் வாங் என்பவர் மின்சாரப் பிரஷர் குக்கருக்கு அங்கே காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 2010-ல் கனடாவின் ஆட்டவா நகரில் ராபர்ட் வாங் என்ற கணினிப் பொறியாளரும் நண்பர்களும் 'இன்ஸ்டன்ட் பாட்' என்ற பெயரில், நுண்செயலி பொருத்திய குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அது வடஅமெரிக்க வீடுகளில் பெருவாரியாகப் பரவியது.

இக்கருவியில் விசில் இல்லை. கலத்தின் அடியில் உள்ள வெப்ப உணரி சூட்டை அளந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. மூடிய கலத்தில் ஆவியின் வெப்பநிலையும் அழுத்தமும் இணைபிரியாதவை. ஒன்று தெரிந்தால் மற்றது தெரியும். ஆனால் உள்ளே சாதாரணக் காற்று தங்கியிருந்தால் இந்தக் கணக்குப் பிசகும். அதனால்தான் தொடக்கத்தில் ஒரு சிறு மிதவை ஊசி தாழ்ந்திருந்து, காற்றையும் ஆவியையும் வெளியேற விடுகிறது. ஆவி பலமாக வந்ததும் அந்த ஊசி மேலெழுந்து துளையை அடைத்து, மூடியையும் பூட்டிவிடுகிறது. வேண்டிய அழுத்தம் வந்த பிறகே கடிகாரம் எண்ணத் தொடங்கும். மின்னோட்டம் வேண்டும்போது பாயும், வேண்டாதபோது நிற்கும். ஆவி வீணாகாது. தீயின் அளவு, விசிலின் எண்ணிக்கை என்ற இரண்டு தடுமாற்றங்களும் நீங்கிவிட்டன. பாப்பினுடைய எடையும் ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது. உணரி பழுதுபட்டால் ஆவியை வெளியேற்ற வேண்டிய பொறுப்பு இன்னும் ஒரு துளைக்கும் ஓர் அடைப்புக்கும் உரியது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடையும் இதில் இருக்கிறது. முட்டைக்கு இக்கருவி தருவது மிகுந்த சூடு அன்று; ஒவ்வொரு முறையும் ஒரே அளவான ஆவியும், ஒரே அளவான நேரமும். கூடவே, ஓடு கழலும் எளிமை.

ஓட்டுக்குள் நடப்பது

அன்று இட்ட முட்டையை அவித்து உரித்துப் பார்த்திருக்கிறீர்களா? வெண்கரு ஓட்டோடு பிய்ந்து வந்துவிடும். புது முட்டையின் வெண்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும், அதன் பி.எச். அளவு 8-க்குச் சற்றுக் கீழே இருக்கும். ஓட்டில் 7,000 முதல் 17,000 வரையிலான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே அந்த வாயு சில நாள்களில் கசிந்து வெளியேற, பி.எச். 9-க்கு மேல் உயர்கிறது. காரத்தன்மை கூடிய வெண்கரு உட்சவ்வோடு அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஒரு வாரம் வைத்திருந்த முட்டை எளிதில் உரிய இதுவே காரணம்.

இரண்டாவது காரணம் சூடு ஏறும் வேகம். தண்ணீரில் போட்டு மெல்லச் சூடாக்கினால் வெண்கருப் புரதம் நிதானமாகச் சவ்வின் இழைகளோடு பிணைந்துகொள்ள நேரம் கிடைக்கிறது. ஆவி சட்டென்று தாக்கினால், வெண்கருவின் வெளிப்புறம் பிணைவதற்கு முன்பே தன்னளவில் இறுகிச் சற்று விலகி நிற்கிறது. ஆவியில் அவித்த முட்டை, புதியதாக இருந்தாலும், பெரும்பாலும் நன்றாக உரிய இதுவே விளக்கம். குளிர்ந்த முட்டைகளைக் கொதிநீரில் போட்டால் நீரின் சூடு இறங்கிவிடும். ஆவியில் அந்தக் குறை இல்லை.

செய்முறை வேண்டுவோருக்கு: அழுத்தத்தில் ஐந்து நிமிடம், அணைத்தபின் மூடியைத் திறக்காமல் ஐந்து நிமிடம், குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் என்பது பலரும் கையாளும் கணக்கு. இந்த மூன்று ஐந்துகளில் முதல் ஐந்தை மட்டும் முக்கியமாகக் கருதுவது தவறு.

நடு ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். குக்கருக்குள் முட்டையின் புறப்பகுதி 100 டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கும். சுற்றிலும் அழுத்தம் இருப்பதால் அதிலுள்ள நீர் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. அவசரப்பட்டு ஆவியை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வெளி அழுத்தம் நொடியில் வீழும். உள்ளே நீர் ஆவியாகப் பொங்கும். முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையும் விரியும். நுண்துளைகளால் அவ்வளவு வேகமாக வெளியேற்ற முடியாமல் ஓடு விரிசல் காணும். சற்றுப் பொறுத்தால் அழுத்தம் மெல்லச் சமநிலைக்கு வந்துவிடும். ஐந்து நிமிடம் கழிந்தும் மிதவை ஊசி இறங்காமல் இருந்தால், மிச்ச ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி இறங்கும் முன் மூடியைப் பலவந்தமாகத் திருப்பக் கூடாது. 314 கிலோ கணக்கை மறந்துவிடாதீர்கள்.

குளிர்ந்த நீரும் அவசியமே. சூடு முட்டையின் புறத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாகவே நகர்கிறது. வெளியே எடுத்த பிறகும் புறப்பகுதியின் சூடு உள்நோக்கிச் சென்றுகொண்டே இருக்கும். குளிர்விக்காவிட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் நிற வளையம் தோன்றும். வெண்கருவின் கந்தகத்திலிருந்து பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும், மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து உண்டாகும் இரும்பு சல்பைடு அது. கெடுதல் ஏதும் இல்லை. குழந்தைகள்தான் முகம் சுளிப்பார்கள். வெண்கரு ரப்பர் போலாவதும் இதே மிகைச் சூட்டின் விளைவு. உங்கள் குக்கரில் குறைந்த அழுத்தம் என்ற பொத்தான் இருந்தால் முட்டைக்கு அதையே தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவு நுட்பம் கூடிய பிறகும் கருவி அறியாதது ஒன்று உண்டு. உணரி அளப்பது கலத்தின் அடிப்பகுதிச் சூட்டை. மஞ்சள் கருவின் சூட்டை அன்று. நீங்கள் வைத்த முட்டை குளிர்பெட்டியிலிருந்து வந்ததா, கூடையிலிருந்து வந்ததா, நாட்டுக்கோழியின் சிறு முட்டையா, பண்ணைக்கோழியின் பெரிய முட்டையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே புதுக் குக்கரில் முதல்முறை அவிக்கும்போது முட்டைகளில் ஒன்றைச் சோதனைக்கென்று ஒதுக்கி, கத்தியால் இரண்டாக வெட்டிப் பாருங்கள். மஞ்சள் கருவின் நடுவில் ஈரம் மினுங்கினால் அடுத்த முறை ஒரு நிமிடம் கூட்டுங்கள்; பச்சை வளையம் தெரிந்தால் ஒரு நிமிடம் குறையுங்கள். அந்த எண்ணைக் குக்கரின் மேல் ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள்.